வேறொருவர் கல்லறையில் எங்கள் மெழுகுதிரி

கீழ்வீட்டு ஐரிஷ்காரர் தம் ஊர்க் கத்தோலிக்கப் பங்கின் வரலாற்றைப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகைக்குப் பக்கம் அமைத்தவன் என்று தெரிந்ததும், படங்களை ஒழுங்குபடுத்தித் தரும்படி மடிக்கணினியோடு மேலே வந்துவிட்டார். ஜெர்மனியின் வுப்பர்டாலில் ஒரே கட்டடத்தில் இருந்தும் அதுவரை குப்பைத் தொட்டிகளைப் பற்றித்தான் பேசியிருந்தோம்.

முதல் படத்தில் கூரையில்லாத கற்சுவர்கள். அது பழைய கோவில். அரசு புரட்டஸ்தாந்து மதத்துக்கு மாறியபோது கத்தோலிக்கரின் கையை விட்டுப் போனது. அடுத்தது வயல் நடுவே தட்டையான ஒரு பாறை. கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில் அதன்மேல்தான் ஒளித்துப் பூசை வைத்தார்களாம். பிறகு, வைக்கோல் வேய்ந்த பூசைக் கொட்டில் இருந்த மேடு. கடைசியில், தடை நீங்கியபின் கட்டிய கற்கோவில். பாறையில் ஏறி நின்றால் அதன் மணிக்கோபுரம் தெரியும் என்றார்.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ஊரைத் திரும்பத் தந்தபோது அந்த இடம் வெறுந்தரை. ஒரு படம்கூட என்னிடம் இல்லை. இவருக்கோ இடிந்த கோவில்கூட வடிவாக நிற்கிறது. நான் அந்தப் படத்தை வேண்டிய அளவைவிடச் சற்றுச் சிறிதாக்கினேன். அவர் கவனிக்கவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிறு, பங்கு முழுவதும் அந்தப் பழைய கோவில் வளவில் கூடுமாம். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறை அருகே நிற்கும். குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். ஆளில்லாத கல்லறையை ஊரே கவனிக்கும். அதனால் தவறாமல் போய்விடுவதாகச் சொன்னார். பஞ்சத்தில் செத்தவர்களைப் புதைத்த, கல்லே இல்லாத ஒரு மூலையும் உண்டு. அங்கே எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள். பெயர் தெரியாதவர்களுக்குக்கூட இடம் நிலையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம், அப்பாவை அடக்கம் செய்த கொலோனிலிருந்து அக்கா அழைத்தார்.

"தம்பி, அப்பாவின்ர கல்லில என்னவோ ஒட்டி வைச்சிருக்கிறாங்கள். ஒருக்கா வா."

கொலோன் சவக்காலை அலுவலகத்தில் ஒரு பெண் மரியாதையாக விளக்கினார். அப்பாவைப் புதைத்தது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே தரும் வரிசைக் கல்லறையில். அதற்குரிய காலம் முடிந்துவிட்டது, நீட்டிக்க வழியில்லை. கோடை முடிந்ததும் கல்லை எடுத்துவிட்டுப் புல் விதைப்பார்கள்.

"நிலத்தை வாங்கினனாங்கள் எண்டெல்லோ இருந்தம்," என்றார் அக்கா என்னிடம் தமிழில். "செத்த ஆளுக்கும் இவங்கள் விசாவே குடுத்தவங்கள்? அதுவும் முடிஞ்சுதாம்."

அந்தப் பெண் எங்கள் முகங்களைப் பார்த்து, மீண்டும் ஒருமுறை மெதுவாக விளக்கத் தொடங்கினார்.

அக்கா என்னோடு வுப்பர்டாலுக்கு வந்தார். படிக்கட்டில் ஐரிஷ்காரரைக் கண்டதும் எல்லாவற்றையும் அவரிடம் ஜெர்மனில் கொட்டிவிட்டார். மனிதர் உண்மையாகவே கலங்கினார். அடுத்த மாதம் ஊருக்குப் போவதாகச் சொன்னார். அக்கா கைப்பையைத் திறந்து, அப்பாவுக்கு வாங்கி, ஏற்றாமலே கொண்டுவந்த சிவப்புக் கண்ணாடி மெழுகுதிரியை எடுத்து, அங்கே ஏற்றச் சொல்லி நீட்டினார்.

"அக்கா, சும்மா இருங்கோ. அவையின்ர சவக்காலையில எங்கட அப்பாவுக்கு என்ன வேலை?"

"இஞ்சயும் இடமில்லை, ஊரிலயும் இல்லை. ஒரு திரிக்கு இடம் கேட்டா நீ குறைஞ்சு போவியோ?"

ஐரிஷ்காரர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அந்தப் பணிவும் எனக்குப் பிடிக்கவில்லை. இடம் உள்ளவரால் பணிவாக இருக்க முடியும்.

ஜூலை ஞாயிறன்று படம் வந்தது. வெயில். புல்மேல் திரி எரிகிறது. அதற்குப் பின்னால் அவருடைய குடும்பக் கல். மேலிருந்து கீழாகப் பாட்டன், பாட்டி, தகப்பன், தாய். அதன்கீழ் ஒரு பெயருக்கு அளவாக வெற்றிடம் விட்டிருந்தார்கள். அது யாருக்கென்று அவர் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை.

நான் பத்திரிகை வேலையில் செய்ததைத்தான் செய்தேன். படத்தை மேலிருந்து வெட்டினேன், பெயர்கள் போயின. இன்னும் கொஞ்சம் வெட்டினேன், வெற்றிடமும் போயிற்று. மிஞ்சியது திரியும் ஒரு கை அகலப் புல்லும். அதை அக்காவுக்கு அனுப்பினேன்.

உடனே அழைத்தார். "வடிவாய் எரியுது. ஆரின்ர கல்லறையில வைச்சவராம்?"

"தெரியாதக்கா," என்றேன். "சும்மா ஒரு புல்லுத் தரையிலதான்."