சுவர்ப்பக்கம் திருப்பிய மானிட்டர்

எங்கள் ஐ.சி.யு.வில் எல்லாப் படுக்கைகளின் மானிட்டரும் நர்ஸ் மேஜையிலேயே ஒரே திரையில் தெரியும்படி செய்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். பொய் சொல்வானேன், என் முழங்கால் வலிக்கு அது பெரிய உபகாரம். ஆனால் அதன் பிறகு நோயாளிகளின் முகம் மனதில் நிற்பதில்லை. ராயபுரத்தில் வேலை முடிந்து திருவொற்றியூர் பஸ்ஸில் உட்கார்ந்தால் எண்கள்தான் ஞாபகம் வரும். வீட்டிலும் பேச ஆளில்லை. சத்தத்துக்காக டி.வி.யைப் போட்டுவிட்டுச் சமைப்பேன்.

அந்தச் சமயத்தில் விசைப்படகு ஓட்டும் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நினைவில்லாமல் வென்டிலேட்டரில் கிடந்தார். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தினமும் சாயங்காலம் வந்து, மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவார். கணவரைத் தொடுவதுகூட இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னாக்கா, டி.வி. பாக்கவா வர்றீங்க? அவரப் பாருங்க" என்றேன் ஒருநாள்.

"போட்டுல வழி காட்ற மிஷினப் பாத்துகினேதான் சிஸ்டர் இவுரு கர சேருவாரு. கண்ண எடுத்தா வழி தப்பிடும்னுவாரு. நான் கண்ண எடுத்து இவுருக்கு எதுனா ஆயிட்டா?"

என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. இந்த அம்மாள் தொடாமலேயே இவர் போய்விடுவாரோ என்று பயம் பிடித்துக்கொண்டது. மானிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

"மேஜையில இதேதான் தெரியும். நான் பாத்துக்கறேன்."

"கண்ண எடுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

எடுக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பின்னால் அவர் கணவரைத் திட்டுவதும் அழுவதும் கொஞ்சுவதும் கேட்டது. திரையில் எந்த மாற்றமும் இல்லை. இருந்தது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் இல்லை. எனக்குத்தான் அப்படி என்னைத் திட்ட ஒருவரும் இல்லையே என்று இருந்தது.

மறுநாள் காலையில் அவர் கணவர் இறந்துபோனார். உடலை எடுத்துக்கொண்டு புறப்படும்போது அந்த அம்மாள் என்னிடம் வந்தார்.

"எல்லாத்தயும் பேசிட்டேன் சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்தார். பிடித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கை இன்னா இப்டி சில்லுனு கீது? வூட்ல யாரு கீறாங்க உனுக்கு?"

"டி.வி. இருக்கு" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாசலில் வண்டி காத்திருந்தது. அவர் என் கையை விடவுமில்லை.