நிறைந்தே திரும்பிய பாட்டில்

கோச்சடையில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி நான் குடிக்காத தண்ணீரில் வளர்ந்தது. காலையில் கணவர் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பார். நான் மதுரை டவுனுக்குப் போய், கோயில் பக்கத்துச் சதுக்கத்தில் கிளிப்பும் வளையலும் பரப்பி உட்காருவேன். சாயங்காலம் பாட்டில் அப்படியே திரும்பும். அவர் அதைச் செடிக்கு ஊற்றிவிடுவார்.

குடித்தால் எங்கே போவது? கட்டணக் கழிப்பிடம் பஸ் ஸ்டாண்டில்தான். அவ்வளவு தூரம் போய்வருவதற்குள் கடையை யார் பார்ப்பது? அங்கே யாவாரம் பார்த்த பெண்கள் எல்லோருமே நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன். பிறகு நீர்க்கடுப்பு வந்து உயிரை எடுத்தது. "நல்லா தண்ணி குடிங்க, இல்லைன்னா கடையை விட்டுருங்க. கிட்னி தாங்காது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கடையை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்? பயந்துபோனேன்.

அந்தச் சமயத்தில்தான் சதுக்கத்தை மாற்றிக் கட்டப்போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று மாநகராட்சியில் கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். நீரூற்று, கல் பெஞ்சு, கலர் லைட்டு. நடுவில் ஒருத்தி நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சித்திரை வெயிலில் அந்த இடத்தில் எவள் நாயோடு நடப்பாள்? கழிப்பிடத்தைத் தேடினேன், இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அத்தனை ஆம்பளைகள் நடுவில் எழுந்து அதைக் கேட்க வாய் வரவில்லை.

எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்தபோது ஆண்கள் பக்கம் டம்ளர்கள் காலி. எங்கள் பக்கம் எல்லாம் ததும்பிக்கொண்டு இருந்தன. படம் காட்டிய பெண் இன்ஜினியர் அதைக் கவனித்துவிட்டார். "ஏம்மா, மோர் நல்லா இல்லையா?"

என் பக்கத்துப் பூக்கார அக்கா பட்டென்று சொன்னாள்: "குடிச்சுட்டு எங்குட்டும்மா போறது? இங்கிட்டிருந்து நேரா யாவாரத்துக்குல்ல போறோம்."

இன்ஜினியர் திரும்பித் தன் மேஜையைப் பார்த்தார். அங்கே அவருடைய மோரும் தொடாமல் இருந்தது. "அங்க அளவெடுக்க வர்ற அன்னைக்கு நானும் குடிக்கிறதில்லம்மா. வரையிறப்ப எனக்கே தோணலை பாருங்க" என்றார். பேனாவை எடுத்து, வரைபடத்தில் நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டார்.

கட்டம் போட்டால் கட்டடம் வந்துவிடுமா? வேலை நடந்த மாதங்களில் அடுத்த தெருவில் கடை போட்டோம். முதலில் நீரூற்றுக்குத்தான் குழி தோண்டினார்கள். தினமும் எட்டிப் பார்த்து, மனசுக்குள் திட்டிவிட்டு வருவேன். ஒருநாள் அதற்குப் பின்னால் மூன்று சின்னக் கதவுகளுக்கு நிலை வைத்திருந்தார்கள். அங்கே கிடந்த செங்கல் அடுக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திறந்த அன்று பழைய இடத்திலேயே கடை. நீரூற்றைப் பார்க்கக் கூட்டம் நின்றது. நான் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தேன். அக்காவைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். இருபது எட்டு வைத்தால் போதும். கதவில் தாழ்ப்பாள் இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. அப்பாடா என்று இருந்தது. வெளியே வந்தபோது யாரைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் வழக்கம்போல் கணவர் செடிப் பக்கம் போய்ப் பாட்டிலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன, பாட்டில் ஒழுகுதா?"

"ஒழுகல. அம்புட்டையும் நான்தான் குடிச்சேன்."

அவர் குழாயடிக்குப் போய், செடிக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்தார்.