வாரண்டி போயிடும்

எங்கள் வீட்டில் கார் வாங்கினோம் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. நாங்கள் வாங்கியது ஒரு வாரண்டி. அதோடு சேர்த்து நாலு சக்கரமும் ஒரு என்ஜினும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். நான் நிலக்கோட்டையில் டீச்சர். தினமும் பஸ்ஸில் பூ மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போய் வருவேன். என் சேலையில் எப்போதும் மல்லிகை வாசம் அடிப்பதைப் பார்த்து, டீச்சர் ரொம்ப வசதி போலிருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சம்பளத்திலும் பிடித்தம் போட்டுத்தான் அந்தக் காரை வாங்கினோம். ஆனால் சாவி என்னவோ அவர் இடுப்பில்தான் தொங்கியது.

காரோடு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பைபிளைக்கூட அப்படி வாசித்து நான் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, பென்சிலால் கோடு போட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான். சீட்டுக்கு உறை போடலாமா? வாரண்டி போயிடும். பாட்டு கேட்க செட் மாட்டலாமா? வாரண்டி போயிடும். பின்கண்ணாடியில் மாதா படம் ஒட்டலாமா என்று எங்கள் பிள்ளைகள் கேட்டபோது மட்டும் செத்த நேரம் யோசித்தார். யோசித்துவிட்டு, அதற்கும் போயிடும் என்றார். பக்கத்தில் நின்று தும்மினால்கூடப் போய்விடுகிற அப்படி ஒரு நோஞ்சான் சாமானை இவர் எதற்குப் போய் வாங்கினார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கல்யாணத்தின்போது எனக்கும் இப்படி ஒரு புத்தகம் கொடுத்திருந்தால் நானும் கொஞ்சம் பத்திரமாக இருந்திருப்பேன்.

எனக்கு லைசென்ஸ் இருந்தது. அவருக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது என்பதில் அவருக்கு உள்ளூரப் புகைச்சல். இரண்டு பேரும் ஒரே டிரைவிங் ஸ்கூலில்தான் சேர்ந்தோம். நான் முதல் தடவையிலேயே ஓட்டிக் காட்டி வந்துவிட்டேன். அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது, நட்டு வைத்திருந்த கம்பைச் சாய்த்துவிட்டு, கம்பு தப்பான இடத்தில் நிற்கிறது என்று ஆபீசரிடம் வாதாடினார்.

கார் வந்த வாரமே கேட்டேன்.

"வேற ஆளு ஓட்டுனா வாரண்டி போயிடும். புத்தகத்துல போட்டுருக்கு," என்றார்.

"நான் வேற ஆளா?"

"நீ யாருன்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியுமா? என் பேருலதான வண்டி இருக்கு?"

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி அளந்திருந்தால், எங்கே புத்தகத்தைக் கொண்டா பார்ப்போம் என்றிருப்பேன். சொன்னது வீட்டுக்காரர் ஆயிற்றே, நம்பித் தொலைத்தேன்.

நான் கார் ஓட்ட ஆசைப்பட்டது ஊர் சுற்றுவதற்காக அல்ல. செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அம்மா தனியாக இருந்தாள். முழங்கால் வீங்கிக் கிடந்தது. அவள் பஸ் படியில் ஒரு காலை வைத்து இன்னொரு காலைத் தூக்குவதற்குள் கண்டக்டர் விசிலை ஊதிவிடுவான். அவளை மாதாமாதம் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும். கார் வந்த புதிதில் ஒரே ஒரு தடவை என் வீட்டுக்காரர் போய்க் கூட்டி வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். அம்மா ஏறி உட்கார்ந்து, மாட்டுக்கொட்டத்துக் கதவைச் சாத்துகிற வேகத்தில் கார்க் கதவைச் சாத்தினாள். அவர் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார்.

"அத்தை, இப்பிடி அறையக் கூடாது. கீல் போச்சுன்னா வாரண்டி தரமாட்டாய்ங்க. மெல்ல. இந்தா, இப்பிடி." பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சாத்திக் காட்டினார். பிறகு அம்மாவையும் சாத்தச் சொல்லிப் பார்த்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

ஆஸ்பத்திரியில் காட்டி முடித்ததும் அம்மா பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னாள். "எனக்குப் பஸ்ஸே போதும்த்தா. அதுல ஏறுனா கதவ யாரு சாத்துனான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்," என்றாள். அதன் பிறகு எத்தனை கூப்பிட்டும் அவர் ஓட்டுகிற காரில் ஏற மறுத்துவிட்டாள். ஒவ்வொரு மாதமும் நான் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் படியில் ஏறுவாள். வீட்டு வாசலில் கார், துணி போர்த்திக்கொண்டு, நோகாமல் நின்றுகொண்டிருக்கும். அதை நானே ஓட்டிக்கொண்டு போய் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டி வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இந்தச் சமயத்தில்தான் பெட்ரோலில் எத்தனால் கலக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுகிற பாகிலிருந்து வடிப்பது என்று விளக்கமும் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் மாதா கோயில் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "பெட்ரோல்ல சாராயத்தக் கலக்குறாய்ங்க!" என்றார். யாரோ எங்கள் வீட்டுக் குடத்தில் கலந்துவிட்டதுபோல அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். அளவுக்கு மேல் ஆல்கஹால் கலந்த பெட்ரோலால் வரும் கோளாறுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று அதில் ஒரு வரி இருந்தது. போயிற்று. இனி அவருக்குப் பாவமும் வாரண்டியும் ஒன்றாகிவிட்டன. ஊரில் உள்ள பெட்ரோல் பங்குகளை எல்லாம் சுற்றி, சாராயம் கலக்காத பெட்ரோல் கேட்டார். தேடி அலைந்ததில் எரிந்ததும் அதே பெட்ரோல்தான். ஒரு பங்கில் விரலை நனைத்து மோந்துகூடப் பார்த்தார். வாழ்நாளில் சாராயத்தின் பக்கமே போகாத மனுஷன் எதைக் கண்டுபிடிக்க மோந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தப் பங்க் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "சார், லாரியில வாரதத்தான் நான் ஊத்துறேன். உங்களுக்குன்னு தனியாவா அனுப்புவாய்ங்க? இதுக்குத் தண்ணி மட்டும் ஆகாது. டேங்க்ல தண்ணி போகாமப் பாத்துக்கங்க, அது போதும்."

தண்ணீர் ஆகாது என்ற வார்த்தையை என் வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெட்ரோல் மூடிக்குமேல் பாலிதீன் பையைப் போட்டு ரப்பர் போட்டு இறுக்கினார். கார் கழுவுவதை நிறுத்திவிட்டு ஈரத் துணியால் துடைத்தார். வானம் கொஞ்சம் மூடினால் போதும், பாதிச் சோற்றில் எழுந்து ஓடிப்போய் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தக் கை என் நெற்றிப் பக்கம் வந்ததாக ஞாபகம் இல்லை.

ஈஸ்டர் வந்தது. எங்கள் கோயிலில் ஈஸ்டர் பூசையில் தண்ணீரை மந்திரிப்பார்கள். அந்தத் தீர்த்தத்தை எல்லோரும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து வருஷம் முழுக்க வீட்டில் வைத்திருப்போம். நாங்களும் ஒரு பாட்டில் பிடித்து வந்தோம். மறுநாள் அம்மாவைப் பார்க்கக் காரில் கிளம்பினோம். அம்மா நாட்டுக்கோழி அடித்து வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டு போனில் சொல்லியிருந்தாள்.

செம்பட்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது கார் இருமியது. பிறகு குலுங்கியது. பிறகு ரோட்டோரத்தில் நின்றுவிட்டது. சாவியைத் திருகத் திருக முனகியதே தவிர உயிர் வரவில்லை. எதிரே ஒரு மெக்கானிக் கடை இருந்தது. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தொடாதீங்க!" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே கையை நீட்டினார். "வெளியாள் கை பட்டா வாரண்டி போயிடும்."

மதுரையிலிருந்து கம்பெனி வண்டி வந்து இழுத்துக்கொண்டு போகட்டும் என்று போன் போட்டார். சாயங்காலம் ஆகும் என்றார்கள். நிழல் இல்லை. பிள்ளைகளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்து வந்த பஸ்ஸில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். கோழிக்குழம்பு அருமையாக இருந்தது. அவருக்கு எடுத்து வைக்கவா என்று அம்மா கேட்டாள். வாரண்டியைத் தின்னட்டும் என்றேன்.

ஒரு வாரம் கழித்து மதுரை சர்வீஸ் சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் போனேன். சூப்பர்வைசர் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மேலே மஞ்சளாகப் பெட்ரோல் நின்றது. அடியில் தெளிவாக வேறு ஒன்று தனியாகத் தேங்கி நின்றது.

"உங்க டேங்க்ல எடுத்தது சார். எத்தனால் கலந்த பெட்ரோல்ல தண்ணி சேந்தா, எத்தனால் பெட்ரோல விட்டுட்டுத் தண்ணியோட போய்ச் சேந்துக்கும். ரெண்டும் அடியில தங்கிரும். பம்ப் அதத்தான் இழுத்திருக்கு. பம்ப் போச்சு. இது வாரண்டில வராது."

என் வீட்டுக்காரர் மதுவிலக்குக் கூட்டத்தில் பேசுகிற குரலை எடுத்தார். "சாராயத்தக் கலந்தது கவர்மென்ட். வண்டி செஞ்சது நீங்க. நடுவுல நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"எத்தனால் எங்க கம்பெனி ஒத்துக்கிட்ட அளவுலதான் சார் இருக்கு. தண்ணி எப்பிடிப் போச்சு? மழையில நிறுத்துனீங்களா?"

"ஏது மழை? மூடிக்கு மேல பாலிதீன் பை கட்டி வச்சிருக்கேன்!"

"அப்ப யாராவது எதையாவது உள்ள ஊத்துனாங்களா?"

அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துத் திரும்பச் செருகினார். பிறகு சத்தம் இறங்கி, "தண்ணியெல்லாம் ஊத்தல. தீர்த்தம்தான் ஊத்துனேன்," என்றார்.

தீர்த்தமா என்று நான் கேட்பதற்குள் அவரே மேலே சொன்னார்.

"சாராயம் கலந்தத வண்டிக்குப் போடுறோமேன்னு மனசு கேக்கல. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒரு மூடி ஊத்துவேன். ஈஸ்டருக்குப் புதுத் தீர்த்தம் வந்துச்சேன்னு அர பாட்டில் ஊத்துனேன்." பிறகு நிஜமாகவே புரியாமல் கேட்டார். "அது மந்திரிச்சது சார். அது எப்பிடி வண்டியக் கெடுக்கும்?"

சூப்பர்வைசர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். சிரித்திருந்தால்கூட என் வீட்டுக்காரர் சண்டை போட்டுத் தேற்றிக்கொண்டிருப்பார். அவர் சிரிக்கவில்லை. "எந்தக் கோயில் தண்ணியா இருந்தாலும் சார், புத்தகத்துல தண்ணின்னுதான் போட்டுருக்கு," என்றார்.

வானத்திலிருந்து விழுகிற துளிக்குப் பயந்து பை கட்டியவர், அந்தப் பையை அவிழ்த்துத் தானே ஊற்றியிருக்கிறார். பங்க் முதலாளி படித்துப் படித்துச் சொன்ன தண்ணீர் வேறு, இது வேறு என்று அவர் புத்தியில் இருந்திருக்கிறது. மெக்கானிக் கை படக் கூடாது, பிள்ளைகள் மாதா படம் ஒட்டக் கூடாது, என் அம்மா கதவைச் சாத்தக் கூடாது. இவர் மட்டும் டேங்கில் எதையும் ஊற்றலாம்.

அப்போது எனக்கு ஒன்று கேட்கத் தோன்றியது.

"சார், ஒரு சந்தேகம். நான் இந்த வண்டிய ஓட்டுனா வாரண்டி போயிடுமா?"

"லைசென்ஸ் இருக்கா மேடம்?"

"இருக்கு. இவருக்கு முன்னாடியே வாங்கிட்டேன்."

"அப்புறம் என்ன? வீட்டுல யாரு ஓட்டுனாலும் அதுக்கும் வாரண்டிக்கும் சம்பந்தமே இல்லையே. புத்தகத்துல அப்பிடி ஒண்ணும் கிடையாது. சார் படிச்சிருப்பாரே."

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அங்கே நின்றிருந்த யாருடைய காரோ ஒன்றின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்திருந்தார். பென்சிலால் கோடு போட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருந்தார். தீர்த்தம் ஊற்றிய முட்டாள்தனத்தைக்கூட மன்னித்துவிடலாம், அதிலாவது ஒரு பக்தி இருந்தது. இந்தப் பொய்யில் ஒன்றும் இல்லை. அந்தப் பொய்யால்தான் என் அம்மா அத்தனை மாதமும் பஸ் படியில் ஏறினாள்.

கார் புதுப் பம்ப்போடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் கையை நீட்டினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாவியை இடுப்பிலிருந்து கழற்றிக் கையில் வைத்தார்.

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். ரொம்பப் பிரமாதமாக ஓட்டினேன் என்று சொல்ல மாட்டேன். செம்பட்டி முக்கில் வண்டி அணைந்துபோய், பின்னால் வந்த லாரிக்காரன் என் குலத்தையே விசாரித்தான். போடா என்று நானும் சொல்லிவிட்டு மறுபடி எடுத்தேன். அம்மா வாசலில் நின்றாள். காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்கத்தா?"

"வீட்டுல இருக்காரு."

"அவருகிட்டக் கேட்டுட்டு எடுத்தியா?"

"கேக்கல."

அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, நோகிற காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். கதவைப் பிடித்து, அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே, பயந்து பயந்து மெல்லச் சாத்தினாள். அது பாதியில் நின்றது. அத்தனை மாதம் கழித்தும் அந்தப் பாடத்தை அவள் மறக்கவில்லை என்று பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லாச் சாத்தும்மா," என்றேன்.

அம்மா கதவை அகலத் திறந்தாள். திறந்து, மாட்டுக்கொட்டத்துக் கதவை அறைகிறாப்போல அறைந்தாள். வண்டியே ஒரு ஆட்டம் ஆடியது. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"கீலு போச்சா?" என்றாள்.

"போகல," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.