பதினாறு அடித் தொலைவு

பலேர்மோவின் லிபெர்த்தாப் பகுதியில், சின்யோரா என அழைக்கப்பட்ட இத்தாலிய மூதாட்டி ஒருவரின் வீட்டில் வாரத்தில் ஆறு நாளும் சமையலும் துப்புரவும் பார்த்துவந்தவர் மன்னார்ப் பேசாலையைச் சேர்ந்த ஜோக்கிம். ஏழாம் நாள் அவர் கோடாரி எறிவார். இதைக் கேட்பவர்கள் சற்றே பின்வாங்குவதுண்டு. அவரோ எறும்புச் சாரையைக் கண்டால் சுற்றிப் போகிறவர்.

சின்யோராவின் தம்பி நூச்சோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. அங்கே பதினொருவர் கூடி ஒரு கழகம் நடத்தினர். அவர்கள் எறிந்தது டோமஹாக் என்னும் கைக்கோடாரி. வட அமெரிக்கத் தொல்குடியினர் கருவியாகவும் படைக்கலமாகவும் கையாண்டது அது. ஐரோப்பிய வணிகர் அதற்கு இரும்புத் தலை கொண்டுவந்தனர். அங்கே குடியேறியவர்களின் பழைய எல்லைப்புற வாழ்க்கையை நடித்து மகிழும் கூட்டங்களில் பின்னாளில் அதுவே பந்தயமும் ஆயிற்று.

ஜோக்கிம் அங்கே போனது கூலி வேலைக்கு. இலக்கான மரவட்டங்களைத் தாங்கியில் ஏற்றித் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். காய்ந்த மரத்தில் கூர் நிலைக்காது. எல்லாரும் போன பின்னர் தாமும் எறிந்து பார்ப்பார். மணிக்கட்டை மடக்காமல் விட்டால் கோடாரி காற்றில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி மரத்தில் பதியும். நிற்கும் தொலைவு பிசகினால் பதியாது. ஆகவே இலக்குத் தாங்கியின் அடியிலிருந்து குதிகாலும் விரலுமாக வெறும் பாதங்களை ஒட்டி ஒட்டி வைத்து அளந்து, பதினாறாம் அடியில் நிற்பார். இரண்டு ஆண்டுப் பழக்கம் அது.

கழகத்தின் கொட்டகைச் சுவரில் உறுப்பினர் பெயர்ப்பலகை ஒன்று தொங்கியது. அதற்கு ஆணி அடித்தவர் ஜோக்கிம்தான். பன்னிரண்டாவதாகத் தம் பெயர் அதில் ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. ஆண்டுக்கொரு நாள் தேர்வு. ஐந்து எறிகளில் மூன்று பதிய வேண்டும். முன்னோட்ட எறி கிடையாது. இலக்குக்கு முன்னே தரையில் கிடத்திய கயிற்றுக்குப் பின்னால் எங்கும் நிற்கலாம். 1996ஆம் ஆண்டுத் தேர்வுக்கு நூச்சோ அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

அன்று தேவாலயப் பூசை முடிந்து அவரும் மனைவி எமிலியானாவும் நேரே ரயிலேறினார்கள். அவள் அவருக்குப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தாள்.

"உதைக் கழட்டிப்போட்டு நிண்டால்தான் எனக்குச் சரிவரும், எமிலி."

"சனத்துக்கு முன்னாலை வெறுங்காலோடையோ? பேசாலைக் கடற்கரை எண்டு நினைப்போ உங்களுக்கு? பேசாமல் போட்டுக்கொண்டு எறியுங்கோ."

தோட்டத்தில் ஜோக்கிமின் முறை வந்தது. சப்பாத்தோடு பதினாறு அடி அளந்தார், நின்றார், எறிந்தார். கோடாரி பிடி மேல்நோக்க மரத்தில் மோதி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே.

"ஜோக்கிம், மரத்துக்கு வலிக்கும் என்று பயமா?" என்று நூச்சோ இத்தாலிய மொழியில் சீண்ட, பதினொருவரும் சிரித்தனர்.

இனி மூன்றும் பதிய வேண்டும். கை பிசகியதாகவே ஜோக்கிம் எண்ணினார். விரல்களை விரித்து விரித்துப் பார்த்தார். ஆனால் வேலியோரம் நின்ற எமிலியானாவின் கண் அவர் காலில் இருந்தது. வளர்கிற கால் அல்லவே என்று தெரிந்தும், மலிவு விற்பனையில் கிடைத்ததென்று ஓர் அளவு பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சு அடைத்துக் கொடுத்தவள் அவள்தானே! பதினாறு தரம் அந்தப் பஞ்சையும் சேர்த்தல்லவா அவர் அளந்திருக்கிறார்? தொலைவு ஏறக்குறைய அரை மீட்டர் கூடிவிட்டது.

"இஞ்சாருங்கோ! சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அளவுங்கோ!"

"சனம் பாக்குதெண்டீர்?"

"பாக்கட்டும்! பாக்கத்தானே வந்தவை!"

அவர் சப்பாத்தைக் கழற்றினார். அவள் வேலியோரத்திலிருந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். மீண்டும் அளந்தபோது பதினாறாம் அடி இரண்டு சாண் முன்னே வந்து நின்றது. மூன்றாவது பதிந்தது. நான்காவதும் பதிந்தது. ஐந்தாவது கோடாரி விளிம்பில் கடித்து, பிடி நடுங்கி, விழுவதா நிற்பதா என்று தயங்கி, நின்றது.

நூச்சோ தூரிகை எடுத்துவரக் கொட்டகைக்குள் ஓடினார். ஜோக்கிம் பழக்கத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தை நனைக்கப் போனார்.

"அதை வையுங்கோ," என்றாள் எமிலியானா, சப்பாத்துகளை மார்போடு அணைத்தபடி. "முதல்லை பேர் எழுதட்டும். பிறகு ஊத்தலாம்."