மஞ்சள் பூசிய அலமாரி

அறுபத்துநாலாம் வருஷம் மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்துக்கு ஒரு தேக்கு அலமாரி வந்து சேர்ந்தது. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஃப்ளாட்டில் இருந்த அனந்தநாராயணன் என்கிற ஆபீஸர் டில்லிக்கு மாற்றலாகிப் போகும்போது, உள்ளே இருந்த புத்தகங்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் வாழ்க்கை வரலாறுகள், விஞ்ஞான விஷயங்கள். கதைப் புத்தகம் மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. தலைவர் நம்பிராஜன் அலமாரியைத் தட்டிப் பார்த்தார். கேரம் போர்டும் வாலிபால் நெட்டும் வைக்க இதைவிட வேறு என்ன வேண்டும், புத்தகங்களை ரத்திக் கடையில் பழைய பேப்பரோடு போட்டுவிடலாம் என்றார். கமிட்டி முழுக்கத் தலையை ஆட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சங்கச் செயலாளர் என்று பெயர்தான். வாயைத் திறந்தால் ‘உமக்கு எதுக்கெடுத்தாலும் கோவம்வே’ என்று அமுக்கிவிடுவார்கள்.

அன்றைக்கு எழுந்து நின்றவன் பிரம்மநாயகம்.

தாராவியில் தோல் பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். முப்பது வயசு இருக்கும். ஆள் பரம சாது, எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி வழி விடுவான். ஆனால் மே மாதம் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு மேடை ஏறிவிட்டால் வேறு ஆள். அவன் பாட்டுக்காரன் இல்லை. பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருந்து அதைத் திருப்பிச் சொல்லி ‘ஆமா’ போடுகிறவன். சாமி பிறந்தது, வளர்ந்தது, வஞ்சகத்தில் மாண்டது எல்லாவற்றுக்கும் அவன் ‘ஆமா’தான் சாட்சி.

பிள்ளைகளுக்கு இப்போது லீவுதானே, கொடை முடிகிறவரை பொறுங்கள் என்று கேட்டான். அதற்குள் பிள்ளைகள் புத்தகம் கேட்டு வராவிட்டால் தானே தலையில் சுமந்து ரத்திக் கடையில் போடுவதாகவும் சொன்னான். நம்பிராஜன் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவருக்கு எங்கள் பிள்ளைகளைத் தெரியும்.

வரவில்லைதான். பட்டறை விட்டதும் ஓடி வந்து சங்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருப்பான். ஊருக்குப் போகாத பிள்ளைகள் கல்லிச் சந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும். பிடித்து உட்காரவைத்தால் அதற்கு மேல் கூத்து. ஹிந்தி பொரிந்து தள்ளுகிற வாயில் தமிழ் எழுத்து எழும்பவே எழும்பாது. ஒருத்தன் திக்கினால் மற்றவன் பல்லைக் காட்டுவான், திக்கினவன் மறுநாள் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டான்.

உனக்கு ஏன்டா இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். தோல் தைக்கிற குத்தூசி பட்டுக் காய்ப்புக் காய்ப்பாக இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அண்ணாச்சி, நம்ம பிள்ளையளுக்குப் பெரிய ஆளுன்னா யாரு? சினிமாக்காரன், இல்லன்னா சாமி. ரெண்டும் நம்மால ஆவ முடியாததுல்லா. ஆவ முடிஞ்ச ஒருத்தனையாவது அதுவொ பாக்க வேண்டாமா?”



அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் சங்கத்தில் ஒரே சத்தம். பிரம்மநாயகம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், சுற்றிப் பிள்ளைகள். இட்லிக்காரி பேராச்சியின் மகள் பூமாரி கையில் புத்தகம். அவள் ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடித்ததும் இவன் அதை அப்படியே ராகம் போட்டுத் திருப்பிச் சொல்கிறான். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ‘ஆமா’ என்கிறார்கள். வில்லுப்பாட்டு முறைதான், வேறொன்றும் இல்லை. ஆனால் அவர்கள் திருப்பிச் சொல்லி ஆமா போடுகிற நேரத்தில் பூமாரி அடுத்த வரியைக் கூட்டிவிடுகிறாள்! திக்குகிறவளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. சிரிக்கிற வாய்க்கெல்லாம் ஆமா போடுகிற வேலை வந்துவிட்டது. அந்த மண்டையில் இது எப்படி உதித்ததோ, எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அந்தப் புத்தகம், கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்கிற எழுத்தைக் கண்டுபிடித்த லூயி என்கிற பிரெஞ்சுக்காரரின் வரலாறு. அவருடைய அப்பா குதிரைக்குச் சேணம் தைக்கிறவர். மூன்று வயசில் அப்பாவின் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடும்போது அது குழந்தையின் கண்ணில் குத்திவிடுகிறது. பிரம்மநாயகம் அந்த இடத்தில் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டான், எமகாதகன். மேலே என்ன ஆச்சு என்று பிள்ளைகள் குதித்தார்கள். பெரும்பாலான வீடுகளில் அப்பனோ மாமனோ குத்தூசி பிடிக்கிறவர்கள்தான். மறுநாள் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடேயே வந்து உட்கார்ந்தார்கள்.

கொடை வந்தது. மத்தியானப் பூஜை முடிந்து வில்லுப்பாட்டுக் குழு சாப்பிட உட்கார்ந்த இடைவெளியில், பிள்ளைகள் ஏதோ படிக்கட்டும் என்று நம்பிராஜன் மேடையைக் கொடுத்தார். பூமாரி படித்தாள், பிரம்மநாயகம் திருப்பிச் சொன்னான், பிள்ளைகள் ஆமா போட்டார்கள். சாப்பாட்டுக்கு எழுந்த ஜனம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. லூயி பிறந்த இடத்தில் பெண்கள் வழக்கம்போலக் குலவை போட்டார்கள். ஒரு கண்ணில் குத்தி மறு கண்ணும் போனபோது பேராச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புள்ளி புள்ளியாக எழுத்துக் கண்டுபிடித்தும் மேலிடத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ளாமல், நோயில் அவர் செத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள் என்று முடிந்ததும், கூட்டம் இன்னொரு குலவை போட்டது. நானும் சேர்ந்து கத்தி ஆமா போட்டேன், சொல்ல என்ன வெட்கம்.

மறுநாள் காலையில் நம்பிராஜன் ரத்திக்காரனோடு வந்தார். கொடை முடிந்தது, பாட்டுக்கு வந்தார்களே ஒழிய இன்னும் ஒரு பிள்ளையும் புத்தகம் கேட்டு வரவில்லை என்றார். சங்கத்துக் கதவைத் திறந்தால் அலமாரி பூராவும் மஞ்சள், நடுவில் குங்குமம், லூயியின் புத்தகத்தின் மேல் எலுமிச்சம்பழம், செவ்வந்திப்பூ! பேராச்சி விடியற்காலையிலேயே என்னிடம் சாவி வாங்கிப்போனது இதற்குத்தான். நல்லவன் வஞ்சகம் பட்டுச் செத்தால் சாமி, சாமிக்கு வில்லுப்பாட்டு. எங்கள் ஜனம் கண்டது அதுதான். கை வைத்தால் குலம் விளங்காது என்று பேராச்சி குறுக்கே நின்றாள். ரத்திக்காரன் சாக்கைச் சுருட்டிக்கொண்டான், நம்பிராஜனுக்கு வேர்த்துவிட்டது. புத்தகம் பிழைத்தது என்று எனக்கு ஒரே கும்மாளம்.

அப்போது பூமாரி பிள்ளைகள் சூழ வந்து அலமாரியில் கையை நீட்டினாள். “குளிக்காமத் தொடாதட்டீ, சாமி” என்று பேராச்சி அவள் கையைத் தட்டிவிட்டாள். பிள்ளைகள் எல்லாம் இரண்டடி பின்னால் நகர்ந்து கையைக் கூப்பிக்கொண்டார்கள்.

பிரம்மநாயகத்தின் முகம் செத்துப்போய்விட்டது. சும்மா இருடா, சும்மா இருந்தாலே புத்தகத்துக்கு ஆயுசு கெட்டி என்று நான் கண்ணைக் காட்டினேன். கேட்டானா? தோளில் கிடந்த துண்டை எடுத்து அலமாரியின் மஞ்சளைத் துடைக்க ஆரம்பித்தான். பேராச்சி பதறிப்போய் அவன் கையைப் பிடித்தாள். கேம்பில் அவளை எதிர்த்துப் பேச எவனுக்கும் தைரியம் கிடையாது.

“இவரு சாமி இல்லக்கா, மனுசன்” என்றான். “சாமின்னு வச்சிட்டா கும்பிட்டுட்டுப் போயிருவோம். அவரு செஞ்சத நம்ம பிள்ளையளும் செய்யலாம்னு நமக்குத் தோணவே தோணாது.”

நம்பிராஜன் விடுவாரா? சாமி இல்லை என்று அவனே சொல்லிவிட்டான், சாக்கை விரி என்று ரத்திக்காரனிடம் சொன்னார். எனக்கு உயிரே இல்லை. இந்தப் பைத்தியக்காரன் தன் கையாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டான் என்று நினைத்தேன். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. 

பேராச்சி பிடித்திருந்த கையை விட்டாள்.

“நெசமாவே ஒரு மனுசனுக்கு நடந்ததா தம்பி இதெல்லாம்?”

“ஆமா.”

“தோல் தைக்கவன் மவனா?”

“ஆமா.”

மேடையில் போடுகிற அதே ஆமா. பேராச்சி எலுமிச்சம்பழத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பூவைத் தட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்து, குளிக்காமல் நின்ற மகளின் கையில் கொடுத்தாள்.

“கொண்டு போயிப் படிட்டீ. இன்னும் யார் யாருக்கு வேணும், வாங்கலே.”

பிள்ளைகள் முண்டியடித்து வந்தார்கள். ஆமா போட்டுப் பழகிய வாயெல்லாம் எனக்கு எனக்கு என்றது. பிரம்மநாயகம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். நம்பிராஜன் ரத்திக்காரனைப் போகச் சொல்லிவிட்டு, கேரம் போர்டைத் தூக்கித் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.