கழுத்து கோணிய சிவப்புக் கிட்டார்

ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் யாருடைய படகு எஞ்சின் மக்கர் பண்ணினாலும் முதலில் கூப்பிடுவது ஹேமாவதியைத்தான். கணவன் சுரேஷின் எஞ்சின் நடு ஏரியில் மூன்று தடவை நின்றுபோனது. நான்காவது தடவை அவளே ஸ்பானரைக் கையில் எடுத்தாள். பன்னிரண்டு வருடமாகிறது, இன்னும் கீழே வைக்கவில்லை. மிக்ஸி, மின்விசிறி, மீன் தராசு என்று எது கெட்டுப்போய் வந்தாலும் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அது ஓட ஆரம்பித்த மறுநிமிடமே அதன்மேல் இருந்த ஆசை போய்விடும். கேட்டவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவாள்.

போன மாசியில், எஞ்சின் ஒன்றுக்கு டேங்க் மூடி தேடி எளாவூர் பழைய இரும்புக் கடைக்குப் போனாள். உள்ளே சுவரில் ஒரு சிவப்புக் கிட்டார் தொங்கியது. கடைக்காரர் கோபால் அதன் தலையில் சைக்கிள் டியூப்புகளை மாட்டி வைத்திருந்தார்.

“அது இன்னாண்ணா?”

“கரண்ட்ல வாசிக்கிற கிட்டாரும்மா. ஏதோ லோடோட வந்துச்சி. கழுத்து கோணிக்கினு கீது, கம்பி முறுக்கற சாவில ரெண்டு ஒடஞ்சி போச்சி. இனிமே பாடாது.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கோபாலின் இரும்பு வெட்டும் மெஷின் நாலு நாளாகப் படுத்துக்கிடந்தது. ஹேமாவதி அங்கேயே உட்கார்ந்து அதை ஓட வைத்தாள். அதற்குப் பதிலாகக் கிட்டாரை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். டேங்க் மூடி ஞாபகம் வந்தபோது பஸ் பாதி தூரம் வந்துவிட்டிருந்தது.

“மூடி வாங்கப் போனவ இன்னாத்த தூக்கினு வர்ற?” என்றான் சுரேஷ்.

“கிட்டாரு.”

“உனக்கு வாசிக்கத் தெரியுமா?”

“உன் எஞ்சின சரி பண்றப்ப எனக்கு மீன் புடிக்கத் தெரியுமானு கேட்டியா?”

சுரேஷ் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மேல்தகட்டைக் கழற்றினாள். உள்ளே குளவி கூடு கட்டிக் குடிபோயிருந்தது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உப்புக்காற்றில் துருவேறி ஒரே கட்டியாக இறுகியிருந்தது. கம்பிகளுக்கு அடியில் இரண்டு பிக்கப், அதாவது காந்தத்தைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றியவை. எஞ்சின் காயிலைச் சோதிக்கும் மீட்டரையே அவற்றிலும் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் முள் அசைந்தது, மற்றது செத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் எழுதி வைத்து, போனிலேயே ஆர்டர் போட்டாள்.

வேலையைக் கற்றுக்கொண்டது வீடியோவில். தாடி வைத்த யாரோ ஒரு வெள்ளைக்காரர், பேசுவது எந்த மொழியென்றுகூடத் தெரியவில்லை. அவள் சத்தத்தை நிறுத்திவிட்டு அவருடைய கையை மட்டும் பார்த்தாள். அந்தக் கை பேசியது நன்றாகவே புரிந்தது.

பார்சல்காரன் போன் பண்ணினான். “அக்கா, மேப்புல உங்க வூடு ஏரிக்குள்ள காட்டுது.”

“தண்ணில எறங்கிடாத! கரையிலயே நில்லு, நான் வரேன்.”

வந்த பிரிட்ஜ் அகலம் கூடுதல். ஓரக் கம்பிகள் இரண்டும் கழுத்தைவிட்டு வெளியே தொங்கின. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, சரியானது வர இன்னும் பத்து நாள் காத்திருந்தாள். பார்சல்காரன் அதற்குள் வழி பழகி, நேரே வாசலுக்கே வந்துவிட்டான்.

புதுச் சாவி, புதுப் பிரிட்ஜ், புது பிக்கப், புதுக் கம்பி எல்லாம் ஏறின. பாக்கி இருந்தது கழுத்துதான். அதற்குள்ளே நீளமாக ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் முனையில் சாவி போட்டு ஒரு நாளைக்குக் கால் சுற்றுதான் திருப்ப வேண்டும், அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும். தினமும் காலையில் திருப்புவாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகிறதா என்று பார்ப்பாள்.

“சுளுக்கு எடுக்கிறியா அதுக்கு?” என்றான் சுரேஷ்.

ஐந்தாம் நாள் கழுத்து நிமிர்ந்தது. மைக்செட் முரளி தன் ஆம்பிளிஃபயரைக் கொண்டுவந்து சொருகினான். ‘ஊய்ய்ங்’ என்று ஓர் இரைச்சல் தெருவையே தூக்கியது. எதிர்வீட்டு அமுதவல்லி கூடையோடு ஓடிவந்தாள். “இன்னாடி, மீன் ஏலம் ஆரம்பிச்சிட்டானுங்களா?”

முரளி முகம் சுளித்தான். “அவ்ளோதான்க்கா, போச்சி.”

“இரு. எர்த் இல்லாம எது ஒழுங்கா பேசும்?”

பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் ஒயரை யாரோ எப்போதோ பிய்த்துவிட்டிருந்தார்கள். ஒரு துண்டு ஒயரை எடுத்துப் பற்றவைத்தாள். இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஒரு கம்பியைச் சுண்டினாள். கணீரென்று வந்தது. அமுதவல்லி கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

திருவிழாக் கச்சேரிகளில் இரவல் கிட்டார் வாசிக்கும் தேவதாஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று முரளி சொன்னான். ஹேமாவதியும் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை தேவதாஸ் வந்தான். கம்பிகளுக்குச் சுருதி சேர்த்துவிட்டு வாசிக்கத் தொடங்கினான். அவள் முறுக்கிய சாவி, அவள் பற்றவைத்த ஒயர் எல்லாம் சேர்ந்து இப்படியொரு சத்தத்தைக் கொடுக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. எந்த எஞ்சினும் அவளை இப்படி உட்கார வைத்ததில்லை.

“சூப்பரா கீதுக்கா. எடுத்துக்கட்டா?”

“வேணாம்பா.” தன் வாயிலிருந்து வந்த பதில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “இத்த நான் வெச்சிக்கறேன்.”

தேவதாஸின் முகம் வாடியது. ஹேமாவதிக்கு மனசு கேட்கவில்லை. “உன் வூட்ல உன்னோடது ஒண்ணு இல்லியா?”

“இருந்துச்சிக்கா. மேடையிலேருந்து உழுந்து தல தனியா, ஒடம்பு தனியா போயிடுச்சி.”

“ரெண்டாவா?” அவள் கண் விரிந்தது. “நாளைக்கே எடுத்துனு வா!”

போவதற்கு முன் தேவதாஸ் அவளுக்கு இரண்டு கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல்பிடி, காட்டிக்கொடுத்தான். ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன விரல்தான், ஆனாலும் கம்பி அழுத்தியபோது எரிந்தது.

இப்போது சாயங்காலங்களில் வாசித்துப் பழகுகிறாள். முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்கு அவள் விரல் போய்ச் சேர்வதற்குள் சுரேஷ் ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடித்துவிடுகிறான். போன வாரம் பாதி டம்ளரிலேயே சேர்ந்துவிட்டாள். அவன் சூட்டையும் பொருட்படுத்தாமல் அவசரமாக மீதியைக் குடித்துவிட்டு, “இன்னொரு வாட்டி வாசி,” என்றான்.