புளி போட்ட கம்பி

என் கடையின் கண்ணாடி மேஜைமேல் அவர் வலது உள்ளங்கையை வைத்து எடுத்தார். கை போன பிறகும் கை அங்கேயே இருந்தது. ஐந்து விரலும், நடுவில் ஓடுகிற ரேகைகளும் ஈரத்தில் அச்சாகிக் கிடந்தன. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல மழைக் குளிர்ச்சி. "பாத்தீளா அண்ணாச்சி, இது வெயிலுக்க வேர்வை இல்ல. சும்மா இருந்தாலும் ஊறும்" என்றார். நான் சிரித்துக்கொண்டே துணியெடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அவர் எங்கள் பகுதியின் மின்சார லைன்மேன். ஊரில் எல்லோருக்கும் அதுவே பெயர். போஸ்ட் மரத்தில் ஏறி இறங்கி ரப்பர் கையுறையைக் கழற்றினால் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து ஆட்கள் கைகொடுக்கும் நேரத்தில் அவரை மட்டும் தூரத்தில் நின்று கும்பிடுவார்கள். மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டியது. ஆனால் கோயில் பாட்டுக்குழுவான கொயரில், கீழ்ச் சத்தம் தருகிற பாஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிவிட்டால் ஆள் வேறு. நடுப்பாட்டில் அவர் ஒரு தடவை கீழ்ச் சுரத்துக்கு இறங்கி ஏறினால் கோயில் பெஞ்சு அதிரும். பதினான்கு வருடமாக அந்த இடம் அவருடையது. அதைத் தவிர ஊரில் அவருக்கென்று வேறு இடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மைக்செட்காரர் ஒருவரிடம் ஸ்பீக்கர் பெட்டி சுமந்து, வாத்தியக்காரர்கள் சுருதி சேர்ப்பதைக் காதால் திருடித் தொழில் படித்தவன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தக்கலையில் இந்த வாத்தியக் கடை வைத்த பிறகு களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை கிட்டார் பிடிக்கிறவர்களில் என் படி ஏறாதவர் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பாஸ் கிட்டாரின் கம்பி ஒற்றைக் கம்பி இல்லை. நடுவில் உருக்கு நரம்பு ஒன்று, அதன்மேல் இன்னொரு கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். சுருளுக்கும் சுருளுக்கும் இடையில் பள்ளம் உண்டு. வியர்வையும் அழுக்கும் அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தால் கம்பியின் சத்தம் செத்துப்போகும். சாதாரணக் கைக்கு ஆறு மாதம் வருகிற கம்பி லைன்மேனுக்கு இரண்டு வாரம் தாங்காது. அன்றைக்கு அவர் ஒரு விஷயம் கேட்கத்தான் வந்திருந்தார். "கம்பிக்க மேல நேரிசா, உள்ளித் தோலு மாதிரி ஒரு ஒறை போட்டு வருதாமே, வேர்வை உள்ள எறங்காதாம். துபாய்ல நம்ம மச்சினன் பாத்திருக்கான். ஒங்ககிட்ட உண்டுமா?"

நான் அப்படி ஒரு கம்பியைக் கண்ணால் கண்டதில்லை. 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வார்த்தையை என் கடையில் நான் உச்சரித்ததே இல்லை. "ஒறை போட்ட கம்பியில சத்தம் எங்க வே வரும்? கம்பளி பொதச்சவன் பாடுன மாதிரி இருக்கும். நான் பாத்துக்கிடுதேன், நீரு போரும்" என்று அனுப்பிவிட்டேன்.

மைதானத்தில் பந்தல் போட்டு மூன்று சாயங்காலம் நடக்கிற சபைக் கூட்டம்தான் கன்வென்ஷன்; அந்த வருடக் கன்வென்ஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொயர் மாஸ்டர் ஒரு தீர்மானம் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சொன்னால் மாற்ற மாட்டார். பாஸ் சத்தம் சாக்கு மூட்டையை அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். இந்த மூன்று சாயங்காலமும் சத்தம் தெளிவாக வந்தால் சரி; இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து கீபோர்டுக்காரரின் இடது கையே பாஸ் வாசித்துக்கொள்ளும். லைன்மேன் இதை என்னிடம் வந்து சொல்லும்போது கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

என்னிடம் புதுக் கம்பி இல்லை. கொச்சியிலிருந்து வர வேண்டிய பார்சல் வரவில்லை. கன்வென்ஷனுக்கு முந்தைய நாள் வரைக்கும் பார்த்துவிட்டு, அவருடைய பழைய கம்பி நான்கையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். புறவாசலில் என் மனைவி கோயில் காணிக்கைத் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுத்துக் கிடந்த பித்தளை அவள் கைக்குக் கீழே பொன்னாக மாறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே புத்தி உதித்தது. புளித்தண்ணீரில் கம்பிகளை ஊறப் போட்டேன்.

"இஞ்ச பாருங்க, அது தட்டு, இது கம்பி. தட்டையே உடனே அலசாட்டிப் பச்ச புடிக்கும். இந்தப் பள்ளத்துக்குள்ள எறங்குன புளிய எப்பிடி அலசுவீங்க?" என்று அவள் கேட்டாள். முப்பது வருடம் கம்பி விற்றவனுக்குப் பாத்திரம் தேய்க்கிறவள் பாடம் எடுக்கிறாளா என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன்.

ஊறி எடுத்துத் தேய்த்ததும் கம்பி பளபளத்தது. மாட்டித் தட்டினால் கோயில் மணி மாதிரிச் சத்தம். லைன்மேனின் கண் நிறைந்துவிட்டது. "இது என்ன மாயம் அண்ணாச்சி?" என்றார். புளி என்று சொன்னேன், ஒரு வருடம் தாங்கும் என்றும் சொன்னேன். கடைக்கு வந்த வேறு இரண்டு கொயர்காரர்களிடம் என் கண்டுபிடிப்பு என்று மட்டும் சொல்லி, புளியை மறைத்துக்கொண்டேன்.

முதல் சாயங்காலம் பாஸ் சத்தம் மைதானத்தின் கடைசிப் பந்தல்கால் வரை வந்தது. கொயர் மாஸ்டர் கைவீசுவதற்கு நடுவில் ஒரு தடவை லைன்மேனைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். நான் முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் அது என் கைவேலை என்றேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் லைன்மேன் கடைக்கு வந்து விரலைக் காட்டினார். நுனியெல்லாம் செங்கல் நிறம். கம்பியைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி அறுக்கிறது என்றார். பள்ளத்துக்குள் தங்கிய புளி, மேலே வியர்வை. இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்று அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. நாகர்கோவிலில் வேறு கடையில் புதுக் கம்பி வாங்கி மாட்டியிருக்கலாம். அந்தக் கடைக்காரர் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. "ஒண்ணும் இல்ல, துணிய வச்சுத் தொடச்சுக்கிட்டு வாசியும்" என்றேன். அன்றைக்கு ஒப்பேறியது.

மூன்றாம் சாயங்காலம் நான் முன்வரிசையில் உட்காரவில்லை. ஓரமாக நின்றுகொண்டேன். அவருடைய வெள்ளைச் சட்டையின் வயிற்றுப் பக்கம் கை உரசி உரசித் துருக்கறை படர்வது அங்கிருந்தே தெரிந்தது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் மூச்சு விட்டேன். கடைசிக்கு முந்தைய பாட்டில், பெண்குரல்கள் நின்று ஆண்குரல் மட்டும் தொடங்குகிற இடத்தில், அடிக்கம்பி அறுந்தது. பெரிய ஸ்பீக்கர் பெட்டி வழியாக அந்தச் சத்தம் வெடி மாதிரி வந்தது. முன்னால் இருந்த குழந்தைகள் அழுதன. லைன்மேன் நிறுத்தவில்லை. மீதி மூன்று கம்பியில், கீழ்ச் சுரத்தையெல்லாம் மேலே தேடித் தேடிப் பாட்டை முடித்தார். அப்படி வாசிக்க இந்த ஜில்லாவில் வேறு ஆள் கிடையாது; நான் சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும் கொயர் மாஸ்டர் மைக் திறந்திருப்பதைக் கவனிக்கவில்லை. "ஒமக்க கை வேர்வை கம்பியையே தின்னுட்டுதே வே. இனி அதத் தொடாதேயும்" என்றார். மைதானம் முழுவதும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். லைன்மேன் ஆட்களுக்கு நடுவில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. திறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தபடியே, "ஆமா சார், வேர்வையாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிட்டாரைக் கழற்றி வைத்தார்.

அடுத்த இரண்டு வாரம் அவர் கோயிலில் கடைசி பெஞ்சில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஞாயிறு நான் கொயர் பயிற்சி நடக்கிற அறைக்குள் போனேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். "கையி இல்ல சார். புளி. நான் போட்டது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு எழுந்துவிட்டது. அன்றோடு எனக்குப் 'புளியண்ணாச்சி' என்று பேர் விழுந்தது. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் கேட்டால் கடையைக் காட்டுவார்கள். கொயர் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸ் வரை ஒரு வாய்ப்புத் தரலாம் என்றார்.

லைன்மேனின் மச்சினன் துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய உறைபோட்ட கம்பியை நானே மாட்டினேன். கம்பளியும் இல்லை, ஒன்றும் இல்லை. சத்தம் கணீரென்று இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மாட்டியது ஈஸ்டர் தாண்டியும் சாகவில்லை. இன்று யார் வந்தாலும் கம்பியை எடுப்பதற்கு முன் கையை நீட்டச் சொல்லித் தொட்டுப் பார்க்கிறேன். வியர்க்கிற கைக்கு உறைக்கம்பி. அது பிடிக்காதவருக்குத் துருப்பிடிக்காத உருக்கு, ஆனால் அது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டைத் தேய்க்கும். மெதுவான பாமாலைப் பாட்டு மட்டும் வாசிக்கிறவருக்குப் பள்ளமே இல்லாத தட்டைச் சுருள் கம்பி. எதுவானாலும் வாசித்து முடித்ததும் கம்பியின் மேலே மட்டும் துடைத்தால் போதாது, அடியிலும் துணியை விட்டு இழுக்க வேண்டும். இவ்வளவு தெளிவாகச் சொல்ல இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். கொயரில் இன்னும் அவர்தான் பாஸ். கம்பி என்னிடம்தான் வாங்குகிறார். போன மாதம் வந்தவர், பேச்சுவாக்கில், கோபம் ஒன்றும் இல்லாமல் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க சொன்னத பன்னெண்டு பேரு கேட்டாவ. சார் சொன்னத மைதானமே கேட்டுது."

அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்தவர்களை இனி ஒரே இடத்தில் கூட்ட முடியாது. பாதிப் பேர் வெளிநாட்டில், சிலர் கல்லறையில். எழுதிப் பழக்கமில்லாத நான் நான்கு நாளாக உட்கார்ந்து இதை எழுதியது, மீதியிருப்பவர்களில் ஒருவர் கண்ணிலாவது படட்டும் என்றுதான். அன்று சாயங்காலம் கம்பியைத் தின்றது அவருடைய கை இல்லை.